தெருவுக்கே ஒரு துடிப்பு

பாவடித் தெருவில் இருநூற்றுப் பதினான்கு பேருடைய இதயங்களும் ஒன்றாகத் துடிக்கின்றன என்பதை அந்தத் தெரு கண்டுபிடித்தது ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திய நாளில். அதற்கு முன்னால் அது எத்தனை நாளாக நடந்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு நான்கு, ஷெட்டுக்குப் பன்னிரண்டு என்று விசைத்தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும் தெருவில், பக்கத்தில் நிற்பவர் பேசுவதையே உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ளும் தெருவில், தன் நெஞ்சு அடிப்பது யார் காதில் விழும்? தறிகள் நின்றன, ஆட்கள் வெளியே வந்து நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள், ருக்குமணியக்கா மகளை முன்னால் உட்காரவைத்துப் பேன் பார்க்கத் தொடங்கினாள், அப்போது மகளின் முதுகுக்குள் அடிப்பதும் தன் நெஞ்சுக்குள் அடிப்பதும் ஒரே அடியாக இருப்பதைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள், அவள் முதுகிலும் அதே அடி, அவள் தன் புருஷனைக் கூப்பிட்டாள், பத்து வருஷமாகத் தொட்டுக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டியெல்லாம் அன்றைக்கு ஒருவர் முதுகில் ஒருவர் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எல்லா வீட்டுக்கும் ஒரே போர் தண்ணிதான வருது, அப்பொறம் அடி மட்டும் வேற வேறயாவா இருக்கும்" என்றார் ஒருவர், தெருவும் அதை ஒத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிற்று.

தெருவுக்குத் தலைவரான அர்த்தநாரி மட்டும் அதை அப்படி விடவில்லை. கோயில் திருவிழாவோ குடிதண்ணீரோ கல்யாணச் சண்டையோ, தெருவில் எது நடந்தாலும் அவர் கையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும், பெரிய ஷெட்டும் அவருடையதுதான். இதயம் மட்டும் எப்படித் தன்னைக் கேட்காமல் ஒரு முடிவுக்கு வரலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் மும்தாஜை அவரே அழைத்து வந்தார். டாக்டர் சமுதாயக் கூடத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, நெஞ்சில் பித்தான்களை ஒட்டி, ஒவ்வொருவருக்கும் இசிஜி எடுத்தார். பால் பல் விழாத குழந்தைகளைத் தவிர மற்ற எல்லாருடைய காகிதத்திலும் ஒரே மேடு, ஒரே பள்ளம், ஒரே இடைவெளி. அந்தம்மாளும் ஆச்சரியப்படவில்லை, பேனாவை எடுத்து ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதயத்தை வரைந்து காட்டினார்.

"வலது பக்கம் மேல, இங்க, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு ஒரு எடம் இருக்கு. அதுல தானா ஒரு சின்னக் கரண்ட் கெளம்பும். யாரும் சுவிட்ச் போடறதில்ல, மூளைகூட இல்ல, மூளை வேகத்தைக் கூட்டும் கொறைக்கும், அவ்வளவுதான். அந்தக் கரண்ட் மேல் அறை ரெண்டுலயும் பரவுது, அது சுருங்குது. அப்பறம் நடுவுல ஒரு முடிச்சு. அங்க வந்து கொஞ்சம் நிக்கும், ஒரு விநாடியில பத்துல ஒரு பங்கு. ஏன்னா மேல இருக்கற ரத்தம் கீழ எறங்கி நெறையணுமில்ல. அப்பறம் ரெண்டு கிளையா அடி வரைக்கும் ஓடி, அடியிலருந்து மேல பாத்துப் பிழியும். அதுதான் ஒரு துடிப்பு."

"அப்ப அந்தப் புளியங்கொட்டைதான் தலைவரு" என்றார் அர்த்தநாரி, நெஞ்சை நிமிர்த்தி.

"யாரும் தலைவரா வைக்கலீங்க. இதயத்துல இருக்கற பல செல்லுக்குத் தானா துடிக்கத் தெரியும். நடு முடிச்சு நிமிஷத்துக்கு ஐம்பது அடிக்கும், அடியில இருக்கறது முப்பது அடிக்கும். மேல இருக்கறது எழுபது அடிக்குது, அதனால மத்ததுக்கு முறை வர்றதுக்கு முன்னாலயே உத்தரவு வந்துருது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்தத் தெருவும் இப்ப ஒரே இதயமா ஆயிருச்சு. யாரோட துடிப்பு முன்னால போகுதுன்னுதான் பாக்கணும்."

பார்த்தார். இருநூற்றுப் பதினான்கு காகிதங்களையும் கடிகார நேரம் வைத்துப் பக்கம் பக்கமாக அடுக்கினார். எல்லா மேடுகளும் ஒரே கோட்டில் எழுந்தன, ஒன்றைத் தவிர. ஒரே ஒரு காகிதத்தில் மேடு ஒரு சின்னக் கட்டம் முன்னால் எழுந்தது. அது பாவாயியின் இளைய மகள் கோகிலவாணியுடையது.

கோகிலவாணிக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, எம்.எஸ்சி. சேரும்வரை என்று சொல்லிக்கொண்டு, அர்த்தநாரியின் ஷெட்டில் தறிக்கான நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் புதன்கிழமை அவளுடைய அக்கா மைதிலி செத்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

மைதிலி செத்தது அதே ஷெட்டில், ஆறாம் தறியில். ஷெட்டில் நூல் அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமென்றால் காற்றில் ஈரம் வேண்டும், அதற்காக மணிக்கொரு தரம் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், இது எல்லா ஷெட்டிலும் உள்ள வழக்கம். ஆறாம் தறியின் மோட்டாரிலிருந்து எர்த் வயர் அறுந்து கிடந்தது, சட்டத்தில் கை பட்டால் சுள்ளென்று இழுத்தது. மைதிலி மூன்று தடவை போய் அர்த்தநாரியிடம் சொன்னாள், மூன்றாவது தடவை கோகிலவாணியும் கூடப் போனாள். "செருப்புப் போட்டுட்டு ஓட்டு பாப்பா, இழுக்காது" என்றார் அவர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். சரி, செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டினாள், இழுக்கவில்லை. பங்குனியில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் தெருவில் யாரும் செருப்புப் போடக்கூடாது, பதினைந்து நாளைக்கு. ஷெட்டுக்குள்ளும் செருப்பு வரக்கூடாது என்று அந்த வருஷம் புதிதாகச் சொன்னவர் விழாக் கமிட்டித் தலைவர், அவரும் அர்த்தநாரிதான். ஈரத் தரை, வெறுங்கால், ஆறாம் தறி. செருப்புப் போடச் சொன்ன வாயும் கழற்றச் சொன்ன வாயும் ஒரே வாய், இடையில் ஒருவரும் அந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அம்மன் நல்ல நாளில் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டாள் என்று தெரு சொல்லியது, கொடுத்துவைத்தவள் என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

தன் இதயம்தான் முன்னால் போகிறது என்று தெரிந்ததும் கோகிலவாணி டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"வெளியிலருந்து கரண்ட் பாஞ்சா உள்ள என்னங்க ஆகும்?"

டாக்டர் காலண்டர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "ஒவ்வொரு செல்லும் தன் போக்குல நடுங்கும்மா. துடிக்காது, நடுங்கும். உள்ளுக்குள்ள எல்லாம் வேலை செய்யும், ஆனா ஒண்ணாச் செய்யாது. ரத்தம் போகாது. ரெண்டு மூணு நிமிஷம், அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் கோகிலவாணி தெரு நடுவில் நின்று அர்த்தநாரியைக் கேட்டாள், "அம்மனா வந்து எர்த் வயர அறுத்தா?" என்று. ஒரு தடவை அல்ல, நான்கு தடவை கேட்டாள், அவருடைய சட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று கேட்டாள். அவளுடைய இதயம் நூற்று நாற்பதுக்கு ஏறியது, தெருவின் இதயமும் ஏறியது. தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், தாடையில் பாதி நுரையோடு சவரக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து ஓடி வந்தார், சின்ன வயதில் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போன பாவாயி, கோகிலவாணியின் சொந்த அம்மா, வாசற்படியில் உதடு நீலமாகிச் சரிந்தாள்.

அன்றோடு கோகிலவாணியின் கோபம் தெருவின் பொதுச் சொத்தானது.

முதலில் மரியாதைதான். தலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், கோயிலில் முதல் திருநீறு அவளுக்கு. பிறகு காபி கூடாது என்றார்கள், காரம் கூடாது என்றார்கள், டிவியில் செய்தி பார்க்கக்கூடாது, சீரியலும் வேண்டாம் என்றார்கள், மத்தியானம் ஒரு சொம்பு மோரும் சாயங்காலம் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீரும் முறை வைத்து வந்தன. முறை வைத்துப் பெண்களும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து "நெனைக்காத கண்ணு, நெனைக்காத" என்றார்கள், எதை நினைக்கக்கூடாது என்று யாரும் பெயர் சொல்லவில்லை. எம்.எஸ்சி. விண்ணப்பத்தை அர்த்தநாரி வாங்கித் தன் பீரோவில் வைத்தார். நீ பஸ் ஏறிப் போய்விட்டால் எங்கள் கதி என்ன என்று கேட்டார், நியாயம்தானே என்றது தெரு. பெண்ணுடைய உணர்ச்சி அவளுடையதல்ல, குடும்பத்துடையது, ஊருடையது என்று எல்லாத் தெருவிலும்தான் சொல்கிறார்கள், பாவடித் தெருவில் அதற்கு இசிஜி காகிதம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மலை ஏறினாலும் மாடி ஏறினாலும் தெருக்காரர்களுடைய இதயங்கள் தாமாக வேகம் எடுக்காமல் அவளுக்காகவே காத்திருக்கப் பழகிவிட்டன. ஆகவே ஆடியில் தேர் இழுக்கும் நாளில் அவளை வடத்துக்கு முன்னால் ஓடச் சொன்னார்கள். அவள் ஓடினாள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தில் ஒன்றுமில்லாமல், தேருக்கு இருபதடி முன்னால் ஓடினாள், பின்னால் எண்பது ஆண்கள் அவளுடைய மூச்சில் வடம் இழுத்தார்கள். தேர் நிலைக்கு வந்ததும் "போதும், உக்காரு" என்றார்கள், உட்கார்ந்தாள்.

மரத்துப்போவது ஒரு நாளில் வருவதல்ல. முதலில் அவள் அக்காவின் குரலை நினைக்காமல் இருக்கப் பழகினாள், அப்புறம் முகத்தை, அப்புறம் கழுத்தெலும்புக்குக் கீழே இருந்த அந்த மச்சத்தை. மைதிலி என்ற பெயர் ரேஷன் அட்டையில் அடித்துவிட்ட ஒரு வரி போல ஆயிற்று. கோபம் வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தால் ஈரச் சிமெண்ட்டைத் தொட்டதுபோலச் சில்லென்று இருந்தது, கொஞ்ச நாளில் அதுவும் இல்லை. பத்து மாதத்தில் அவளுடைய துடிப்பு எழுபத்திரண்டில் வந்து நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாவாயியின் உதட்டில் சிவப்பு திரும்பியது. கிழவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். "தெய்வப் பிறவி" என்று அவளைச் சொன்னார்கள். கல்லையும் அப்படித்தான் சொல்லுகிறார்கள்.

பதினோராவது மாதம் மின் ஆய்வாளர் விசாரணைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. வெளியூர்க்காரர், சமுதாயக் கூடத்தில் வைத்துக் கேட்பார், சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் கோகிலவாணி.

அர்த்தநாரி வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காராமல் பாயில் உட்கார்ந்தார், அவ்வளவு பணிவு.

"பாப்பா, எனக்காகச் சொல்லலை. நீ அங்க போயி வாயத் தொறந்தீன்னா பழசெல்லாம் ஞாபகம் வரும், வந்தா உனக்கு ஏறும், ஏறினா உங்கம்மாளுக்கு என்னாகும்னு உனக்கே தெரியும். இருநூறு உசிரு உன்ற நெஞ்சுல இருக்குது. ஒண்ணும் தெரியாதுன்னு ஒரே வார்த்தை சொல்லிப்போட்டு வந்துரு."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் மோசம். அவரும் நம்பினார்.

பாவாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அர்த்தநாரி போன பிறகு அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டு சொன்னாள், "ரெண்டு புள்ளைய பெத்தேன். ஒண்ண அந்தத் தறி தின்னுச்சு. இன்னொண்ண நான் தின்னுட்டு இருக்கறேன். எனக்குச் சோறு எறங்கல கண்ணு."

கோகிலவாணி சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். மூன்று கிலோமீட்டர், எழுபத்திரண்டிலேயே நடந்தாள்.

"நான் கோபப்பட்டா அவங்க செத்துருவாங்களா?"

"கஷ்டப்படுவாங்க" என்றார் டாக்டர் மும்தாஜ். "உங்கம்மாவுக்கு நான் மாத்திரை மாத்திக் குடுத்திருக்கேன், கூடவும் வந்து உக்காந்துக்கறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. மேல இருக்கறது நின்னே போனாலும் கீழ இருக்கறது தானாத் துடிக்கும். மெதுவா, ஆனாத் துடிக்கும். அவங்களுக்கும் தெரியும் துடிக்க. பழக்கம் விட்டுப்போச்சு. வேலைக்கும் ஓட்டத்துக்கும் உன்னைக் கேட்டு நிக்குதுங்க. பயத்துக்கு மட்டும்தான் யார் உத்தரவும் வேண்டியதில்ல."

"எனக்குக் கோபமே வரலைங்க" என்றாள் கோகிலவாணி. "அதச் சொல்லத்தான் வந்தேன். அங்க போயி நின்னாலும் வராது. வராமச் சொன்னா அது சாட்சியா?"

"உண்மையா இருந்தாச் சாட்சிதான்."

விசாரணை நாளில் தெருவே கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது, அவளை அமைதியாக வைத்திருப்பதற்காக. ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இத்தனை பேர் எதற்கு என்று கேட்டார். "பொண்ணுக்குத் தொணைங்க" என்றார்கள். டாக்டர் பாவாயியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எழுபத்திரண்டு.

கோகிலவாணி சொன்னாள். தார்க் கணக்கு ஒப்பிக்கும் குரலில், ஒரு வார்த்தையும் ஏறாமல், ஒரு வார்த்தையும் இறங்காமல் சொன்னாள். எர்த் வயர் எந்த மாதம் அறுந்தது என்று சொன்னாள், அக்கா எந்தெந்த நாளில் போய்ச் சொன்னாள் என்று சொன்னாள், மூன்றாவது தடவை அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், என்ன சொன்னார் என்று சொன்னாள். பிறகு காப்புக் கட்டிய நாளில் ஒலிபெருக்கியில் அவர் சொன்னதைச் சொன்னாள். இரண்டு வாக்கியங்களும் முதல் தடவையாக அந்தத் தெருவின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

எழுபத்திரண்டு, என்று டாக்டரின் விரல் எண்ணிக்கொண்டிருந்தது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளுடைய கோபத்துக்காகக் காத்திருந்தது. வரவில்லை. ஒரு வருஷம் மோர் ஊற்றி அவர்களே ஆற்றி வைத்தது, எங்கிருந்து வரும்?

அப்போது ஏறியது. தொண்ணூறு, நூற்றுப் பத்து, நூற்று முப்பது. கூடத்தில் எல்லாரும் நெஞ்சைப் பிடித்தார்கள்.

"பாப்பா, அடக்கு சாமி, போதும்" என்றார்கள் நாலைந்து பேர்.

கோகிலவாணியின் நெஞ்சும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் அதைப் பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இது எம்பட அடி இல்லைங்க, வேற யாரோடதோ" என்றாள்.

ருக்குமணியக்கா எழுந்தாள். முப்பது வருஷம் தறி ஓட்டியவள், சட்டத்தில் உள்ளங்கையை வைத்தால் எந்தப் பக்கம் அடி முந்துகிறது என்று சொல்லிவிடுவாள். இடது கையைக் கோகிலவாணியின் முதுகில் வைத்தாள். வலது கையை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அர்த்தநாரியின் முதுகில் வைத்தாள், சட்டை முழுக்க நனைந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இவரு முந்தறாரு" என்றாள். "புள்ள பின்னால வருது."

"கையெடு புள்ள" என்றார் அர்த்தநாரி.

"எடுத்தா மட்டும் நின்னுருமாங்க?"

நூற்று ஐம்பது. ஆய்வாளருக்கு மட்டும் ஒன்றுமில்லை, அவர் வெளியூர், எதிரே இருநூறு பேர் வியர்த்துக்கொண்டிருப்பதைப் பேனாவும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அர்த்தநாரிக்கு விசிறினார்கள், யாரோ சொம்பை நீட்டினார்கள், "நெனைக்காதீங்க, சித்த நெனைக்காதீங்க" என்றாள் ஒருத்தி பழக்க தோஷத்தில். அவர் தண்ணீர் குடித்தார், அம்மன் பெயரைச் சொன்னார், எழுந்து வெளியே போகப் பார்த்து, வழியில் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்தார். ஏறிக்கொண்டேதான் இருந்தது. கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும், பால் பல் விழுந்த பிள்ளைகள் வரைக்கும், ஒரு மனிதன் உள்ளே எவ்வளவு பயந்திருக்கிறான் என்று இப்போது தெரிந்தது, ஏனென்றால் அது அவர்களுடைய விலாவுக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாவாயியின் உதட்டில் நீலம் வந்தது. டாக்டர் அவள் நாக்கின் கீழே ஒரு மாத்திரையை வைத்தார்.

"மொதலாளி" என்றாள் ருக்குமணியக்கா, சத்தம் போடாமல். "ஒரு வருஷமா அந்தப் புள்ள நமக்காகச் செத்துக் கெடந்தா. உங்க பயத்தையும் சேத்துச் செமக்க எங்களுக்குத் தெம்பில்லைங்க. சொல்லிப்போடுங்க."

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "அறுந்து கெடந்தது எனக்குத் தெரியும்." ஆய்வாளர் எழுதினார். "கோயில் நோம்பி முடியட்டும், சரி பண்ணிக்கலாம்னு இருந்துட்டேன். செருப்ப நாந்தான் கழட்டச் சொன்னேன். அத யோசிக்கல." ஆய்வாளர் அதையும் எழுதினார்.

சொன்ன பிறகு இறங்கியது. நூற்று இருபது, தொண்ணூறு, எண்பது. பிறகு அவருடைய அடி கோகிலவாணியின் அடிக்குக் கீழே போயிற்று, முறை மறுபடியும் அவளிடம் வந்தது. அர்த்தநாரியை யாரும் அடிக்கவில்லை, யாரும் தேற்றவும் இல்லை.

ஆய்வாளர் தாளைத் திருப்பினார். "ஒரு விவரம் விட்டுப்போச்சும்மா, பதிவுக்காகக் கேக்கறேன். எறந்துபோன மைதிலி உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா" என்றாள் கோகிலவாணி.

சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வழக்கமான சில்லிப்பு, அவ்வளவுதான். இதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

முன்வரிசையில் ருக்குமணியக்காவின் கை மெல்ல நெஞ்சுக்குப் போயிற்று. பக்கத்தில் இருந்தவளுடைய கையும் போயிற்று. பின்வரிசையில் பெரிய ஆம்பிளை ஒருவர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அர்த்தநாரி குனிந்த தலை நிமிராமல் தன் மார்பைப் பிடித்துக்கொண்டார். வரிசை வரிசையாக, சுவரோரம் நின்றவர்கள் வரைக்கும், அத்தனை பேரும் நெஞ்சில் கை வைத்தார்கள், அத்தனை பேருடைய தோள்களும் விட்டுவிட்டுக் குலுங்கின, ஒரு அடி தவறி, மறு அடி முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் பாவாயியின் மணிக்கட்டைப் பிடித்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இருக்கட்டுமுங்க" என்றாள் பாவாயி. "நான் தாங்கிக்கறேன். யாரும் அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

யாரும் சொல்லவில்லை. கோகிலவாணி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்த முகங்களைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது, தான் அழத் தொடங்கிவிட்டது.